ஒரே இன்ஜின்தான்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நடந்த அத்தனைக்கும் அதுதான் காரணம். விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் இருபத்தாறு வருஷமாகக் கார் ஷெட் வைத்திருக்கிறேன். பெயர் வெங்கடாசலம். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. கோபக்கார மெக்கானிக் ஷெட் என்று சொன்னால் எந்த ஆட்டோக்காரரும் கொண்டுவந்து விட்டுவிடுவார்.

எங்கள் பக்கம் ஓடுகிற கார்களில் பாதிக்கு மேல் ஒரே கம்பெனியின் இரண்டு வண்டிகள்தான். ஆர்வா, செலோரா. ஆர்வா சின்னது, டிக்கி குட்டையாக இருக்கும். செலோரா ஒரு முழம் நீளம், சீட்டு மெத்தென்று இருக்கும், விலையும் அதற்கேற்ற மாதிரி. ஆனால் பானட்டைத் தூக்கினால் இரண்டிலும் ஆயிரத்து முந்நூறு சிசி டீசல் இன்ஜின். ஆயில் பில்டர் ஒன்று, வாட்டர் பம்ப் ஒன்று, செயின் ஒன்று. இதன் பாகத்தைக் கழற்றி அதில் போட்டு நான் ஓட்டியிருக்கிறேன். செலோரா வாங்கிவிட்டுத் தலை நிமிர்ந்து வருகிறவர்களிடம் வேண்டுமென்றே சொல்வேன், "சும்மா காச கொட்டினீங்க சார். ரெண்டும் ஒரே இன்ஜின்தான்." அவர்கள் முகம் தொங்கிப் போவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

சவுரிராயன் வைத்திருப்பது செலோரா. மனிதர் என் வயதுக்காரர், பதினைந்து வருஷப் பழக்கம், டாக்சி ஓட்டுகிறார். ஒரு டாக்டர் சொந்தத்துக்கு வைத்திருந்த வண்டியை வாங்கி, வெள்ளை நம்பர் பலகையை மஞ்சளாக மாற்றி, டீ போர்டு ஆக்கிக்கொண்டார். திங்கட்கிழமை மதியம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஆயில் சொட்டுகிறது என்றார். பார்த்தேன். இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகிற இரும்புக் குழாய், விரல் கனம்கூட இல்லை, அதன் முனையில் கசிவு. கழற்றி மூலையில் இருக்கும் இரும்புச் சாமான் டிரம்மில் வீசினேன். திண்டிவனத்தில் இருக்கிற ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போன் போட்டேன்.

அந்தக் கடையில் கவுண்டரைப் பார்த்துக்கொள்வது பரிமளா. முப்பத்தைந்து வயதிருக்கும். பார்ட் நம்பர்களை மனப்பாடமாக வைத்திருக்கும் பெண்.

"டர்போ ஆயில் பைப்பு ஒண்ணு வேணும்மா. சாயங்கால பஸ்ல போட்டு வுடு."

"எந்த மாடலுக்குண்ணே? சேசிஸ் நம்பர் இருந்தா வாட்ஸ்அப்ல அனுப்புங்க, பாத்துட்டு எடுக்கிறேன்."

"டீ போர்டு வண்டிம்மா."

"இல்லண்ணே, சேசிஸ் நம்பர்..."

"டீ போர்டுன்றேன், அப்புறம் இன்னா நம்பரு? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே ஸ்பேனர் புடிச்சவன் நானு. எனக்கே பாடம் எடுக்கறியா? இருக்குதா இல்லியா, அத மட்டும் சொல்லு."

"இருக்குதுண்ணே," என்றாள். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை.

இங்கே ஒன்றை விளக்கிவிட வேண்டும். எங்கள் தொழிலில் டீ போர்டு என்றால் மஞ்சள் பலகை என்று மட்டும் அர்த்தமில்லை. இந்தக் கம்பெனி வண்டிகளில் டாக்சியாக ஓடுவது எல்லாம் ஆர்வாதான் என்பதால், டீ போர்டு என்றாலே ஆர்வா என்று ஆகிவிட்டது. நானும் அப்படித்தான் சொல்வேன், கடைக்காரர்களும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். செலோராவை யாரும் டாக்சிக்கு விடமாட்டார்கள். சவுரிராயன் ஒருத்தர்தான் விட்டிருந்தார். நான் பலகையை நினைத்துச் சொன்னேன். அவள் காதில் அது ஆர்வா என்று விழுந்தது.

இரவு ஏழு மணி பஸ்ஸில் பார்சல் வந்தது. கண்டக்டரிடம் வாங்கிக்கொண்டேன். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை என் மகள் சங்கவிக்கு ரயில்வே பரீட்சை. டிப்ளமா மெக்கானிக்கல் படித்தவள். ரயில் ஓட்ட வேண்டும் என்பது அவளுக்குப் பத்து வயதிலிருந்தே ஆசை. பரீட்சை மையம் சென்னையைத் தாண்டி எங்கோ ஒரு கல்லூரியில் போட்டிருந்தார்கள். மதியம் ஒரு மணிக்குள் உள்ளே போயாக வேண்டும். சவுரிராயனுக்கும் அன்று மதியம் விமான நிலையத்தில் ஆள் ஏற்ற வேண்டிய வேலை. "நம்ம பொண்ண நானே எறக்கி வுட்டுட்டுப் போறேன்," என்று சொல்லியிருந்தார். காலை எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும், அதற்குள் வண்டியை முடித்துக் கொடுக்க வேண்டும்.

ஆறரைக்குப் பானட்டைத் திறந்தேன். சங்கவி பரீட்சைக்குப் போகிற உடுப்போடு ஷெட்டுக்கே வந்துவிட்டாள். டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். குழாயின் ஒரு முனை சரியாக உட்கார்ந்தது. மறுமுனை எட்டவில்லை. ஒரு விரற்கடை குறைந்தது. கையால் லேசாக இழுத்து வளைத்து, போல்ட்டைப் போட்டு இறுக்கினேன்.

"அப்பா, அது அங்க இடிக்குது பாரு," என்றாள் சங்கவி. "சைலன்சர் பக்கம் ஒட்டிக்கினு நிக்குது. பழசு இப்புடியா இருந்துச்சு?"

"புதுசு அப்புடித்தான் இருக்கும்."

"எட்டலன்னுதான இழுத்த? வேற மாடலோடதா இருக்கப் போவுதுப்பா."

"ரெண்டும் ஒரே இன்ஜின்தான். வாய மூடிக்கினு டார்ச்ச நேரா புடி. மூணு வருஷம் படிச்சுட்டா எல்லாம் தெரிஞ்சுடுமா?"

சவுரிராயனும் பக்கத்தில்தான் நின்றிருந்தார். சங்கவி முகம் சுருங்கிவிட்டது. டார்ச்சை நேராகப் பிடித்தாள். அதற்குப் பிறகு கிளம்புகிற வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பரீட்சைக்குப் போகிற பெண்ணை இப்படிச் சொல்லிவிட்டோமே என்று எனக்கு உறுத்தியது. ஆனாலும் நானாகப் போய்ப் பேசவில்லை.

இன்ஜினை ஓட விட்டுப் பார்த்தேன். கசிவு இல்லை. சங்கவி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஹால் டிக்கெட்டை எடுத்து வந்ததும் எட்டு மணிக்கு வண்டி கிளம்பியது. பரீட்சை மையத்தில் போனை உள்ளே விடமாட்டார்கள் என்று சங்கவி தன் போனை வீட்டிலேயே வைத்துவிட்டாள். சவுரிராயன் போன் இருக்கிறதே, போதாதா என்று நானும் விட்டுவிட்டேன்.

எட்டே காலுக்குப் பல் விளக்கி, டீ குடித்துவிட்டு, அடுத்த வண்டியைத் திறந்தேன். ராயப்பன் சாருடைய ஆர்வா. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், வண்டியை ஆயில் மாற்றுவதற்கு விட்டிருந்தார். பானட்டைத் தூக்கி முட்டுக்கம்பி கொடுத்துவிட்டுக் குனிந்தேன். டர்போவுக்குப் போகிற குழாய் கண்ணில் பட்டது.

காலையில் நான் மாட்டிய அதே குழாய். அதே வளைவு, அதே நீளம். ஆனால் இதில் எந்த இழுப்பும் இல்லாமல், இடிக்காமல், வசதியாக உட்கார்ந்திருந்தது.

கையில் இருந்த ஸ்பேனரை எங்கே போட்டேன் என்று இன்றுவரை நினைவில்லை. ஓடிப்போய் மூலையில் இருந்த டிரம்மைக் கவிழ்த்தேன். துருப்பிடித்த சாமான்களைக் கையால் விலக்கி, நேற்று வீசிய பழைய குழாயைத் தேடி எடுத்தேன். ஆர்வாவின் குழாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையது ஒரு விரற்கடை அதிக நீளம். நடுவில் ஒரு வளைவு கூடுதலாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்ஜின் ஒன்றுதான். டர்போ ஒன்றில்லை. செலோராவுக்குக் கொஞ்சம் கூடுதலான இழுவை வேண்டும் என்று கம்பெனிக்காரன் பெரிய டர்போ வைத்திருக்கிறான். அது சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கும். அதனால்தான் எட்டவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமில்லை. கடையில் கேட்டிருந்தாலே நினைவுக்கு வந்திருக்கும். கேட்டாள். நான்தான் கேட்க விடவில்லை.

இழுத்து மாட்டிய குழாய் நிற்கிற வண்டியில் கசியாது. எண்பது, தொண்ணூறில் போகும்போது இன்ஜின் அதிரும். அதிர்வில் முனையில் கீறல் விடும். பக்கத்தில் இருக்கிற டர்போ நெருப்பாகக் காய்ந்திருக்கும். அதன் மேல் சூடான ஆயில் பீய்ச்சி அடித்தால் என்ன ஆகும் என்று மெக்கானிக்காக இருக்கிற எவனுக்கும் சொல்ல வேண்டியதில்லை. நான் அப்படி எரிந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன். சீட்டின் கம்பி மட்டும் மிஞ்சியிருந்தது.

சவுரிராயனுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

எடுக்கமாட்டார். இரண்டு மாதத்துக்கு முன்னால் போனில் பேசிக்கொண்டே வண்டியை ஷெட்டுக்குள் ஓட்டி வந்தார் என்று சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு கத்தியிருந்தேன். "ஓட்டும்போது போனத் தொட்டன்னா இனிமே ஒன் வண்டிய நான் தொடமாட்டேன்." அன்றிலிருந்து அவர் வண்டி எடுத்தால் போனைச் சத்தமில்லாமல் செய்து டேஷ்போர்டுக்குள் போட்டுவிடுவார். என் பேச்சைக் கேட்கிற ஆள் இந்த ஊரில் இருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சங்கவி நம்பருக்குப் போட்டேன். போன் வீட்டில் இருக்கிறது என்பது நினைவுக்கு வருவதற்குள் என் மனைவி ருக்கு எடுத்துவிட்டாள்.

"இன்னாங்க? ஏன் மூச்சு வாங்குது?"

"ஒண்ணுமில்ல. ஹால் டிக்கெட்டு எடுத்துக்கினாளான்னு கேக்கத்தான்."

"எடுத்துக்கினா. போவும்போது மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு போனா. நீங்க ஏதாச்சும் சொன்னீங்களா?"

போனை வைத்துவிட்டேன். அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ராயப்பன் சார் வண்டியின் பானட்டை மூடி, அதையே எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவரிடம் கேட்கவும் தோன்றவில்லை. பைபாஸ் ஏறியதும், நான் ஊருக்கெல்லாம் போட்ட சட்டத்தை நானே மீறி, போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு திண்டிவனம் கடைக்கு அடித்தேன். சவுரிராயன் திண்டிவனத்தைத் தாண்டித்தான் சென்னை போக வேண்டும். அங்கே எனக்குத் தெரிந்த ஆள் பரிமளா மட்டும்தான்.

"பரிமளா, விழுப்புரம் வெங்கடாசலம் பேசறேன்."

"சொல்லுங்கண்ணே." குரலில் ஒரு ஜாக்கிரதை இருந்தது. இன்றைக்கு எதற்குத் திட்டப் போகிறானோ என்கிற ஜாக்கிரதை.

"நேத்து அனுப்புன பைப்பு ஆர்வாவோடதா?"

"ஆமாண்ணே. டீ போர்டுன்னு சொன்னீங்களே."

"வண்டி செலோராம்மா."

"மாட்டிட்டீங்களா?" என்றாள்.

"இழுத்து மாட்டி அனுப்பிட்டேன். சென்னைக்குப் போய்க்கினு இருக்குது. டிரைவரு போன எடுக்கல." முன்னால் போன லாரியைத் தாண்டினேன். "எம் பொண்ணு உள்ள இருக்குதும்மா."

அவள் ஐயோ என்று சொல்லவில்லை. "எப்ப கிளம்புனாங்க?" என்றாள்.

"எட்டு மணிக்கு."

"அப்ப விக்கிரவாண்டி தாண்டியிருப்பாங்க. செலோரா பைப்பு ஒண்ணு கடையில இருக்குது, எடுத்துக்கினு ஸ்கூட்டர்ல எதுர்க்க வர்றேன். வண்டி நம்பர் சொல்லுங்க."

வண்டி நம்பர் எனக்குத் தெரியாது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு வண்டியின் நம்பரையும் நான் மனதில் வைத்ததில்லை. சத்தத்தைக் கேட்டே இது இன்னார் வண்டி என்று சொல்லிவிடுவேன். அதைப் பெருமையாக வேறு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"நம்பரு தெரியாதும்மா. வெள்ள வண்டி. பின்கண்ணாடில வேளாங்கண்ணி மாதா படம் ஒட்டியிருக்கும்."

"எதுர்க்க வர்ற எனக்குப் பின்கண்ணாடி எப்புடிண்ணே தெரியும்?"

வேறு நாளாக இருந்தால் அந்தக் கேள்விக்கு நான் ஆடியிருப்பேன். அன்று யோசித்தேன். "முன்கண்ணாடில நீலக் கலரு ஜெபமாலை தொங்கும்," என்றேன்.

"சரிண்ணே. மஞ்சள் போர்டு செலோரா, நீல ஜெபமாலை. நீங்க பாத்து வாங்க, வேகமா ஓட்டாதீங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வேகமாகத்தான் ஓட்டினேன். முண்டியம்பாக்கம் தாண்டும்போது ஆர்வா நூறைத் தொட்டது. அதன் சத்தம் என்னைப் படுத்தியது. செலோராவின் சத்தமும் இதேதான். முன்னால் போகிற அந்த வண்டிக்குள் சங்கவி கேட்டுக்கொண்டிருக்கும் சத்தமும் இதேதான். ஒரே இன்ஜின்தான் என்று எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்.

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. குழாயில் கீறல் விட்டால் முதலில் ஆயில் தீய்கிற வாசனை வரும். சங்கவிக்கு அந்த வாசனை தெரியும், என் ஷெட்டில் வளர்ந்தவள். உடனே வண்டியை ஓரம் கட்டச் சொன்னால் தப்பித்துவிடலாம். ஆனால் சவுரிராயன் என்ன சொல்வார்? வெங்கடாசலம் போட்டது, ஒன்றும் ஆகாது என்பார். அவருக்கு என் கை மேல் அவ்வளவு நம்பிக்கை. சங்கவியோ வாயை மூடு என்று காலையில்தான் வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். நான் சொன்னதை என்றைக்குமே காதில் போட்டுக்கொள்ளாத பெண், இன்றைக்குப் பார்த்துக் கேட்டுத் தொலைத்துவிடக் கூடாதே என்று கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டேன். திருவக்கரை வக்கிரகாளிக்கு என்ன வேண்டிக்கொண்டேன் என்று எனக்கே தெரியவில்லை. வாய் பாட்டுக்கு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வரிசை நின்றது. எட்டு வண்டிகள். ஒவ்வொன்றும் நகர்வதற்குள் என் சட்டை நனைந்துவிட்டது. கூண்டில் இருந்த பெண்ணிடம் கண்ணாடியை இறக்கிக் கேட்டேன், "வெள்ள கலர் கார் ஒண்ணு போச்சா? மஞ்ச போர்டு?"

"காலையிலேருந்து நூறு போச்சு சார். நம்பர் சொல்லுங்க."

பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். திரும்பி அவனைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

சுங்கச்சாவடியைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் போயிருப்பேன். தூரத்தில் சாலையின் இடது பக்கம் கறுப்புப் புகை எழும்பியது. என் கால் பிரேக்கிலும் இல்லை, ஆக்சிலேட்டரிலும் இல்லை. வண்டி கோட்டைத் தாண்டி ஓடியது. லாரிக்காரன் ஒருவன் ஒதுங்கிக்கொண்டு என்னைப் பார்த்து ஏதோ கத்திவிட்டுப் போனான். கிட்டே போனால், ஒரு விவசாயி கொல்லையில் கடலை பறித்துக் காய்ந்த மல்லாட்டைக் கொடியோடு பழைய டயரையும் சேர்த்துக் கொளுத்தியிருந்தார். அவர் பாட்டுக்குக் குச்சியால் கிளறிக்கொண்டு நின்றார். ஓரமாக நிறுத்தி, கதவைத் திறந்து வாந்தி எடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி கிளம்பினேன்.

கூட்டேரிப்பட்டு தாண்டியது. பரிமளாவிடமிருந்து போன் வரவில்லை. ஓரத்தில் நிற்கிற ஒவ்வொரு வெள்ளை வண்டியும் செலோராவாகத் தெரிந்தது. ஒன்று ஆர்வா. ஒன்று வேறு கம்பெனி. ஒன்றில் ஒரு குடும்பம் இறங்கி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அப்புறம் மாதாவின் படம் தெரிந்தது.

வண்டி சாலையோரம் நின்றிருந்தது. பானட் திறந்திருந்தது. உள்ளே இருந்து வெள்ளைப் புகை நூலாக எழும்பிக்கொண்டிருந்தது. நெருப்பு இல்லை. சவுரிராயன், டேஷ்போர்டுக்குள் கிடந்த போனைக்கூட மறந்து, தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். இருபது அடி தள்ளி, இரும்புத் தடுப்பின் மேல், ஹால் டிக்கெட் வைத்த பிளாஸ்டிக் உறையை மடியில் வைத்துக்கொண்டு சங்கவி உட்கார்ந்திருந்தாள். முழுதாக உட்கார்ந்திருந்தாள்.

நான் இறங்கி அவளிடம் போகவில்லை. போனால் அழுதுவிடுவேன் என்று பயந்து நேராக வண்டிக்குப் போனேன். குழாயின் முனையில் நகத்தளவு கீறல். சுற்றிலும் ஆயில் தெறித்துப் பளபளத்தது. டர்போவின் ஓரத்தில் சொட்டுகள் கறுத்துப் போய் ஒட்டியிருந்தன. இன்னும் ஐந்து நிமிஷம் ஓடியிருந்தால் போதும்.

"நான்தான் வெங்கடாசலம், ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னேன்," என்றார் சவுரிராயன். குற்றவாளி மாதிரி நின்றார். "நீ போட்டதாச்சேன்னு ஓட்டிக்கினே இருந்தேன். நிறுத்தலன்னா கதவத் தொறந்து குதிச்சிடுவேன்னு கத்துது பொண்ணு. கைய வேற கதவு மேல வச்சிக்கிச்சு. ஒன் கோவம் அப்புடியே வந்திருக்குது அதுக்கு."

என் கோபத்தால் உலகத்தில் ஒரு நல்லது நடந்தது என்றால் அது ஒன்றுதான். நான் திரும்பிச் சங்கவியிடம் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"எப்ப வந்துது வாசன?" என்று கேட்டேன்.

ஹால் டிக்கெட் உறையின் ஓரத்தை நகத்தால் நெருடினாள்.

"டோல்கேட்டுலயே வந்துதுப்பா," என்றாள்.

டோல்கேட்டிலிருந்து அந்த இடம் பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாது.

"அப்பவே சொல்ல வேண்டியதுதான?"

"வாய மூடிக்கினு இருன்னு சொன்னியே. சவுரி மாமா எதுர்க்கவே சொன்ன. மறுபடி சொல்லி, அவரு ஒனக்குப் போன் போட்டு, நீ போன்லயும் திட்டுவ. பரீட்சைக்குப் போற அன்னிக்கு எதுக்குன்னு கம்முன்னு வந்தேன். புகை வந்தப்புறம்தான் கத்துனேன்."

பதினைந்து கிலோமீட்டர், ஆயில் தீய்கிற வாசனையோடு, என் பேச்சுக்குப் பயந்து என் மகள் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறாள். தப்பு என்மேல்தான் என்று சொன்னேன். அதை என் வாயால் அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "சரி வுடுப்பா," என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள்.

நேரம் ஒன்பதேகால். ராயப்பன் சாருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். "மொதல்ல பொண்ண அனுப்புய்யா," என்றார் அவர். சவுரிராயன் விமான நிலைய வேலையைத் தாம்பரத்தில் இருக்கிற நண்பர் ஒருவருக்குத் தள்ளிவிட்டு, ஆர்வாவின் சாவியைக் கையில் வாங்கிக்கொண்டார். நானே ஓட்டிக்கொண்டு போகலாம் என்றுதான் இருந்தது. ஆனால் வரும் வழியில் லாரியில் மோதப் பார்த்தவன் நான்.

சங்கவி ஏறுவதற்கு முன்னால் ஆர்வாவின் பானட்டைத் தட்டிக் காட்டினாள். சிரிக்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இது? இதுவும் அதே இன்ஜின்தானா?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். "இரு, பாத்துட்டுச் சொல்றேன்," என்றேன்.

பானட்டைத் திறந்து, டார்ச் இல்லாததால் போன் வெளிச்சத்தை அவளையே பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பார்த்தேன். எதுவும் இழுபடவில்லை, எதுவும் இடிக்கவில்லை. "நீயும் ஒரு தடவ பாரு," என்றேன். அவள் குனிந்து நிதானமாகப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்றாள். அதற்குப் பிறகுதான் ஏறினாள். வண்டி கண்ணுக்கு மறைகிற வரை நான் சாலையிலேயே நின்றேன்.

எதிரே வந்த ஒவ்வொரு வண்டியையும் பார்த்துப் பார்த்துப் பரிமளா வந்து சேர்ந்தபோது நான் தடுப்பின் மேல் உட்கார்ந்திருந்தேன். எதிர்ப்பக்கச் சாலையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, நடுவில் இருந்த அரளிச்செடிகளைத் தாண்டிக் குதித்து வந்தாள். இடுப்பில் கடையின் சாவிக்கொத்து ஆடியது. தோளில் பை. முதலில் தடுப்பையும் வண்டிக்குள்ளும் பார்த்தாள்.

"பொண்ணு?"

"நல்லா இருக்குது. வேற வண்டில போயிடுச்சு."

அவளும் என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"நேத்து திட்டுனதுக்கு மன்னிச்சுக்கோம்மா," என்றேன்.

"திட்டுனதெல்லாம் பழக்கந்தாண்ணே. ஆனா திட்டுனீங்கன்னு நான் அழுத்திக் கேக்காம வுட்டேன் பாருங்க, அத நெனச்சுக்கினேதான் வந்தேன்," என்றாள். பையிலிருந்து பாக்கெட்டை எடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள்.

"சேசிஸ் நம்பர் படிங்கண்ணே," என்றாள்.

நான் செலோராவின் முன்கதவைத் திறந்து, தார்ச்சாலையில் மண்டி போட்டேன். சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டை விலக்கி, இரும்பில் வெட்டியிருந்த எழுத்துகளின் மேல் படிந்திருந்த அழுக்கைச் சட்டை நுனியால் துடைத்தேன். மொத்தம் பதினேழு எழுத்து. மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை, கிட்டே குனிய வேண்டியிருந்தது.

"எம்," என்றேன்.

"எம்," என்று எழுதிக்கொண்டாள். அவள் திருப்பிச் சொல்கிற வரை காத்திருந்துவிட்டு, அடுத்த எழுத்தைப் படித்தேன்.